சிலிண்டர் கிரில்லை பைப் கேஸுக்கு மாற்றலாமா?

கனடாவின் மிசிசாகா நகரில் நாங்கள் குடிவந்த வீட்டின் பின்சுவரில், முழங்கால் உயரத்தில், மூடி போட்ட பித்தளைக் குழாய்முனை ஒன்று இருந்தது. முன்பு இருந்தவர்கள் பார்பிக்யூ கிரில்லுக்காகப் போட்டுவைத்த இயற்கை எரிவாயு இணைப்பு அது. எங்களிடம் இருந்த கிரில்லோ புரொப்பேன் சிலிண்டரில் எரிவது. கோடை வந்துவிட்டால் சிலிண்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் மாற்றி வருவதே ஒரு வேலையாகிவிடும். பாதிச் சமையலில் கேஸ் தீர்ந்துபோன நாட்களும் உண்டு. இதைப் பார்த்த பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர், “ஹோஸ் ஒண்ணு வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுது தம்பி, எதுக்கு இந்த அலைச்சல்?” என்றார். அவர் தன் கிரில்லை அப்படித்தான் மாற்றியிருந்தார்.

அடுத்த வாரம் அவர் வீட்டில் விருந்து. எல்லா நாப்களையும் முழுக்கத் திறந்தும் தீ அரை விரல் உயரத்துக்குமேல் எழவில்லை. ஒரு மணி நேரம் ஆகியும் கோழித் துண்டுகள் வெளுத்தே கிடந்தன. கடைசியில் அக்கா எல்லாவற்றையும் தட்டில் அள்ளிக்கொண்டு போய் அடுப்படியில் ஓவனுக்குள் வைத்தார். “பைப் கேஸ்ல சூடே கிடையாது” என்று அண்ணன் முடிவுகட்டிவிட்டார்.

அந்த முடிவு தவறு. இயற்கை எரிவாயுவின் தீ, புரொப்பேன் தீயைவிடக் குளிர்ந்தது இல்லை. காற்றோடு சரியான விகிதத்தில் கலந்து எரிந்தால் இரண்டின் தீயும் கணக்குப்படி 1,950 டிகிரி செல்சியஸைச் சுற்றித்தான் இருக்கும். வித்தியாசம் மிகச் சிறியது. அண்ணனின் கிரில்லில் குறைந்தது தீயின் சூடு இல்லை, தீயின் அளவு. அது ஏன் குறைந்தது என்று புரிந்துவிட்டால், கிரில்லை ஒரு எரிவாயுவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது என்றால் என்ன என்பதும் முக்கால்வாசி புரிந்துவிடும்.

ஒரு சின்ன ஓட்டை

கிரில்லின் நாப்புக்குப் பின்னால் ஒரு வால்வு இருக்கிறது. அந்த வால்வின் முனையில், பர்னர் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய பித்தளைத் திருகு உண்டு. ஊரில் அடுப்பு ரிப்பேர் செய்பவர்கள் அதை ஜெட் என்பார்கள். விரல் நுனியில் வைத்துப் பார்த்தால் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. நடுவில் ஒரு துளை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு குண்டூசி இறுக்கமாக நுழையும் அளவு, அவ்வளவுதான். இந்தக் கிரில் எந்த எரிவாயுவுக்குச் செய்தது, எவ்வளவு சூடு தரும் என்பதை முடிவுசெய்வது அந்தத் துளைதான். மூடி, கம்பி வலை, பளபளப்பான ஸ்டீல் உடம்பு எல்லாம் எந்த எரிவாயுவுக்கும் ஒன்றே.

எரிவாயு இந்தத் துளை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வரும். வரும் வேகத்தில் பக்கத்திலிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு பர்னருக்குள் போகும். அங்கே இரண்டும் கலந்து, பர்னரின் வரிசைத் துளைகள் வழியாக வெளியே வந்து எரியும். துளையின் அளவு, எரிவாயு வரும் அழுத்தம், எரிவாயுவின் தன்மை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். ஹோஸை மட்டும் மாற்றும்போது பின்னால் சொன்ன இரண்டும் மாறிவிடுகின்றன. துளை மட்டும் பழையபடியே நிற்கிறது.

எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்போம். இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். ஒரு கன அடி இயற்கை எரிவாயுவை எரித்தால் ஏறக்குறைய 1,030 பி.டி.யு. வெப்பம் கிடைக்கும் (பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு). அதே ஒரு கன அடி புரொப்பேன் தருவது சுமார் 2,500. அதாவது ஒரே அளவு வாயுவில் புரொப்பேன் இரண்டரை மடங்கு சத்துள்ளது. ஒரே சூடு வேண்டுமென்றால் இயற்கை எரிவாயு அதிகமாகப் போக வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றும். கூடவே எடையும் கணக்கில் வருகிறது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. இயற்கை எரிவாயுவோ காற்றின் எடையில் 0.6 மடங்குதான். கனமான வாயு ஒரு துளை வழியாக மெதுவாகத்தான் போகும். அழுத்தம் ஒன்றாக இருந்தால், வாயு போகும் அளவு அதன் எடையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.

அதனால் சத்தை எடையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரே துளை வழியாக ஒவ்வொரு வாயுவும் எவ்வளவு வெப்பத்தைக் கொண்டுபோகும் என்று ஒப்பிட்டுவிடலாம். இதற்கு வோபே எண் என்று பெயர். 1920களில் இதை வகுத்த இத்தாலியப் பொறியாளர் கோஃப்ரெடோ வோபேயின் பெயர்தான் அது. புரொப்பேனுக்கு 2,500ஐ 1.23ஆல் வகுத்தால் சுமார் 2,030. இயற்கை எரிவாயுவுக்கு 1,030ஐ 0.775ஆல் வகுத்தால் சுமார் 1,330. ஆக, அழுத்தம் ஒன்றாக இருந்தாலே புரொப்பேன் 1.53 மடங்கு அதிக வெப்பத்தைக் கொண்டுபோகும்.

ஆனால் அழுத்தமும் ஒன்றாக இருப்பதில்லை. இங்கே அழுத்தத்தை அளக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. யூ வடிவக் குழாயில் பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையில் எரிவாயுவை இணைப்பார்கள். வாயு தள்ளும் தள்ளலில் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் எத்தனை அங்குலமோ, அதுதான் அழுத்தம். வட அமெரிக்கக் கிரில்களில் புரொப்பேன் ரெகுலேட்டரைத் தாண்டி 11 அங்குலத்தில் வரும். இயற்கை எரிவாயுக் கிரில்கள் மாடலைப் பொறுத்து 4 அல்லது 7 அங்குலத்துக்குச் செய்யப்படுகின்றன. 4 என்று வைத்துக்கொள்வோம். அழுத்தத்திலும் வர்க்கமூலம்தான் கணக்கு: 11ஐ 4ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.66.

1.53ஐ 1.66ஆல் பெருக்குங்கள். 2.54 வருகிறது. இயற்கை எரிவாயுவுக்கான துளையின் பரப்பு, புரொப்பேன் துளையைப்போல இரண்டரை மடங்கு இருக்க வேண்டும் என்று பொருள். விட்டத்தில் சொன்னால் 1.6 மடங்கு. புரொப்பேன் ஜெட்டின் துளை 0.9 மி.மீ. என்றால், அதே சூட்டுக்கு இயற்கை எரிவாயு ஜெட் 1.43 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆனால் அந்த அரை மில்லிமீட்டரை விட்டுவிட்டால் கிடைக்கும் சூடு நாற்பது சதவீதம்தான். அண்ணன் வீட்டுக் கோழி வேகாததன் காரணம் இதுதான்.

திருப்பிச் செய்தால் ஆபத்து

அண்ணன் செய்ததில் கெட்டது சமையல் மட்டும்தான். இதையே தலைகீழாகச் செய்தால் கதை வேறு. இயற்கை எரிவாயுவுக்கான பெரிய துளை உள்ள கிரில்லில், 11 அங்குல ரெகுலேட்டரோடு புரொப்பேன் சிலிண்டரை மாட்டினால், பர்னருக்கு வர வேண்டியதைப்போல இரண்டரை மடங்கு வெப்பம் வந்து சேரும். ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய 24 பங்கு காற்று வேண்டும். அத்தனை காற்று அந்தச் சின்னப் பர்னர் குழாய்க்குள் வராது. தீ மஞ்சளாக, மூடிக்கு வெளியே நாக்கை நீட்டும். கரி படியும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும், நாப்கள் உருகவும் வாய்ப்புண்டு. வீடு மாறும்போது பைப் கேஸ் கிரில்லைக் கூடவே எடுத்துக்கொண்டு போய், புது வீட்டில் இணைப்பு இல்லையே என்று சிலிண்டரை மாட்டுகிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்வது. இந்த ஒரு தவறை மட்டும் யாரும் செய்யவே கூடாது என்பதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். துளை பெரிதாக வேண்டும், அவ்வளவுதானே என்று டிரில் எடுத்துப் பழைய ஜெட்டையே பெரிதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பித்தளை மிருதுவானது. கையில் பிடித்து டிரில் போட்டால் துளை மையம் தப்பும், ஓரத்தில் பிசிறு நிற்கும். வாயு நேராகப் பீய்ச்சாமல் சாய்ந்து போனால் காற்றை ஒழுங்காக இழுக்காது. ஐந்து ஜெட்டில் ஐந்தும் ஐந்து விதமாக இருக்கும். மறுபடி புரொப்பேனுக்குத் திரும்ப நினைத்தாலும், துளையைச் சின்னதாக்க வழியே கிடையாது. அடைப்பு எடுக்கக் குண்டூசி விட்டுக் குத்துவதுகூட இதே காரணத்தால் கூடாது.

என்னென்ன மாற்ற வேண்டும்

ஜெட்டுகள்தான் முதல். நான்கு பர்னர் என்றால் நான்கு. பக்கவாட்டில் சிறு அடுப்பு இருந்தால் அதற்கும், பின்புறம் கம்பியில் சுற்றி வாட்டும் பர்னர் இருந்தால் அதற்கும். பக்கத்து அடுப்பை மறப்பவர்கள் அதிகம்; அதன் ஜெட் அளவும் மற்றவற்றிலிருந்து வேறுபடும், கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ரெகுலேட்டரும் ஹோஸும். புரொப்பேன் ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும். சிலிண்டருக்குள் வெயில் நாளில் இருக்கும் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல எட்டு மடங்குக்கும் மேல். அதைத் தண்ணீர் 11 அங்குலம் ஏறும் அளவுக்கு அடக்குவதுதான் அதன் வேலை. வீட்டுக் குழாயில் வரும் வாயு ஏற்கெனவே அடக்கப்பட்டுத்தான் வருகிறது. கிரில்லுக்கென்று தனியாக வேறு ரெகுலேட்டர் வேண்டுமா என்பது மாடலைப் பொறுத்தது. புது ஹோஸ் பழையதைவிட அகலமாக இருக்கும். குறைந்த அழுத்தத்தில் அதிக வாயு போக வேண்டுமே. ஒல்லியான நீளமான ஹோஸைப் போட்டால், ஜெட் சரியாக இருந்தும் தீ சோம்பிப்போகும்.

பலர் கவனிக்காத ஒன்று, சிம். நாப்பைச் சிம்மில் வைக்கும்போது வால்வுக்குள் இருக்கும் இன்னொரு குட்டித் துளை வழியாகத்தான் வாயு வருகிறது. அதுவும் புரொப்பேனுக்கு அளந்து வைத்ததுதான். அதை மாற்றாமல் விட்டால், சிம்மில் வைத்த தீ லேசான காற்றுக்கே அணைந்துவிடும், வாயு மட்டும் மூடிக்குக் கீழே சேர்ந்துகொண்டிருக்கும். சில கிரில்களில் வால்வுத் தண்டுக்குள் ஒரு திருகைச் சரிசெய்தால் போதும். சிலவற்றில் வால்வையே மாற்ற வேண்டும். வால்வை மாற்ற வேண்டிய கிரில் என்றால் அதோடு விட்டுவிடுவது நல்லது என்பேன், செலவு புதுக் கிரில்லை நெருங்கிவிடும்.

காற்று வரும் ஜன்னலை, அதாவது பர்னர் குழாயின் வாயிலுள்ள சிறு தகட்டை, சில மாடல்களில் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதைத் தீயே சொல்லும். நல்ல தீ நீலமாக, உள்ளே கூர்மையான கூம்போடு, பர்னரை ஒட்டி நிற்கும். மஞ்சளாகத் தளர்ந்து ஆடினால் காற்று போதவில்லை. உஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டு பர்னரை விட்டு எழும்பி நின்றால் காற்று அதிகம். புரொப்பேனில் நுனியில் லேசாக மஞ்சள் தெரிவது சகஜம். இதை அந்தி நேரத்தில் பார்ப்பது நல்லது; வெயிலில் நீலத் தீ கண்ணுக்கே தெரியாது.

பர்னரைக் கழற்றிய கையோடு குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திகள் இந்தக் குழாய்க்குள் கூடு கட்டும். வெள்ளைப் பஞ்சு போன்ற ஒரு உருண்டை போதும், வாயு முன்னால் போக முடியாமல் பின்பக்கமாக வந்து நாப்புக்கு அருகே பற்றிக்கொள்ளும். நீளமான பிரஷ் ஒன்றை விட்டு இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

செய்யலாமா, விடலாமா

உங்கள் கிரில்லைச் செய்த கம்பெனி, அந்த மாடலுக்கென்றே மாற்று கிட் விற்கிறதா என்று முதலில் பாருங்கள். விற்றால் ஜெட், ஹோஸ், புது லேபிள் எல்லாம் அதிலேயே வரும். விற்கவில்லை என்றால், எந்தக் கிரில்லுக்கும் பொருந்தும் என்று இணையத்தில் கிடைக்கும் கிட்டை வாங்காதீர்கள். சில கம்பெனிகள் மாற்றவே கூடாது என்று கையேட்டில் எழுதிவைத்திருக்கும். மாற்றினால் வாரண்டியும் போகும். அப்போது இருப்பதை விற்றுவிட்டு, பிறப்பிலேயே பைப் கேஸுக்குச் செய்த கிரில்லை வாங்குவதே சரி.

சுவரிலுள்ள குழாயில் கைவைக்கும் வேலை நம்முடையது இல்லை. எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் எரிவாயுக் குழாய் வேலையை, டி.எஸ்.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு அமைப்பின் சான்று பெற்ற டெக்னீஷியன்தான் செய்யலாம். அவர் வந்தால் முதலில் பார்ப்பது மீட்டரைத்தான். வீட்டு ஹீட்டர் மணிக்கு 60, 70 ஆயிரம் பி.டி.யு. எடுக்கும், தொட்டியில்லாத வெந்நீர் ஹீட்டர் இரண்டு லட்சம்வரை எடுக்கும், அடுப்பு வேறு. இவற்றோடு கிரில்லின் 40 ஆயிரமும் சேர்ந்தால் குழாயும் மீட்டரும் தாங்குமா என்று கூட்டிப் பார்ப்பார்.

எதற்கு இவ்வளவு சிரமம் என்றால், இந்த ஊர்க் குளிர் ஒரு காரணம். சிலிண்டருக்குள் புரொப்பேன் திரவமாக இருக்கிறது. அது மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும். சாதாரண நாளில் தானாகக் கொதித்து வாயுவாக மேலே வரும். ஆனால் கொதிக்கத் தேவையான சூட்டைத் தன் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்வதால் சிலிண்டர் குளிர்ந்துகொண்டே போகும். ஜனவரியில் மைனஸ் 20இல் நான்கு பர்னரையும் திறந்தால், சிலிண்டரின் கீழ்ப்பாதியில் உறைபனி வெள்ளையாகப் படிவதைப் பார்க்கலாம். அழுத்தம் விழும், தீ சுருங்கும். பைப் கேஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. மீத்தேன் திரவமாக மைனஸ் 161 வரை போக வேண்டும். கசிவிலும் இரண்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். புரொப்பேன் கனமானது, தரையோடு ஊர்ந்து பேஸ்மென்ட்டுக்குள் இறங்கித் தேங்கும். சிலிண்டரை எப்போதும் வெளியில்தான் வைக்க வேண்டும் என்பது இதனால்தான். வெட்டவெளியில் கசியும் இயற்கை எரிவாயு மேலே எழும்பிக் கலைந்துவிடும்.

ருசி மாறுமா என்று கேட்பவர்களுக்கு: மாறாது. கேஸ் கிரில்லின் மணம் எரிவாயுவிலிருந்து வருவதில்லை, இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பு கீழே சூட்டில் பட்டுப் புகைவதிலிருந்து வருகிறது.

ஒரு நாடே இந்த வேலையைச் செய்திருக்கிறது. பிரிட்டனில் நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுதான் வெகுகாலம் வீடுகளில் எரிந்தது. வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்ததும், 1967இலிருந்து 1977 வரை பத்து ஆண்டுகள், தெருத் தெருவாகப் போய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளின் அடுப்புகளையும் ஹீட்டர்களையும் மாற்றினார்கள். அங்கேயும் வேலையின் நடுநாயகம் இதே ஜெட்தான். நம் ஊரிலும் இப்போது அதே காட்சிதான். சென்னையிலும் கோவையிலும் குழாய் எரிவாயு வரும் வீடுகளில், சிலிண்டர் அடுப்பைப் பார்க்க வரும் ஆள் முதலில் பர்னரைத் தூக்கிவிட்டு ஜெட்டைத்தான் கழற்றுவார். சிலிண்டர் கேஸ் அங்கே 30 மில்லிபார் அழுத்தத்தில் வரும், குழாய் கேஸ் 21இல். “பைப் கேஸ் போட்டதிலிருந்து தீ கம்மி” என்று அம்மா போனில் சொன்னால், ஜெட்டை மாற்றினார்களா என்று கேளுங்கள்.

எங்கள் கிரில்லுக்குக் கம்பெனி கிட் கிடைத்தது. டெக்னீஷியன் யூ குழாயில் நீலச் சாயம் கலந்த தண்ணீரோடு வந்தார். நான்கு பர்னரும் எரியும்போது தண்ணீர் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷ்ஷால் தடவினார். ஹோஸ் சுவரில் சேரும் இடத்தில் மட்டும் கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. அடைத்துவிட்டு, இன்னும் கால் சுற்று இறுக்கி, மறுபடி தடவினார். குமிழ் வரவில்லை. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இதை நீங்களே செய்யலாம், இரண்டு நிமிட வேலை. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது மட்டும் கூடாது.

போகும்முன் கதவின் உட்புறத்திலிருந்த புரொப்பேன் லேபிளின் மேல் புது லேபிளை ஒட்டினார். கழற்றிய ஐந்து பழைய ஜெட்டுகளையும் ஒரு சிறு பையில் போட்டு, எது பக்கத்து அடுப்பினுடையது என்று பேனாவால் குறித்து, கிரில்லுக்குள்ளேயே கட்டித் தொங்கவிட்டார்.